அர்ச்சனைப் படிவத்தை வாசித்தவன்

ஒவ்வொரு மாதமும் சுவாதி நட்சத்திரத்தன்று பூசை முடிந்தவுடன், குருக்களின் கையிலிருந்த அர்ச்சனைப் பட்டியலை நானே வாங்கிக் கிழித்துவிடுவேன். மற்ற நாள்களின் பட்டியல்கள் அலுவலக மேசையில் ஒரு வாரம் கிடக்கும்; அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சுவாதிப் பட்டியலில் மட்டும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுடைய பெயர் இருந்தது: திலீபன், துலாம் ராசி. எதிரே ஒரு முகவரி. ஊர், கோலா சுங்கை பாரு. அவனுடைய தாய் மலர்க்கொடி ஒளிந்து வாழும் ஊர் அது என்பதை அந்தத் தாளில்தான் நான் முதன்முதலாக அறிந்தேன். அறிந்தவன் நான் ஒருவனே என்றும், தாளைக் கிழித்துவிட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிடும் என்றும் பதினாறு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் செயலாளராக இருப்பது அலோர் காஜாவுக்கு அப்பால், செரோஜா தோட்டத்து மாரியம்மன் கோயிலில். பிழைப்புக்காகப் பாசீர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டவர்கள் நேரில் வர இயலாமல், இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பி அர்ச்சனைக்குப் பதிந்துகொள்கிறார்கள். குருக்கள் அவர்களுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சந்நிதியில் வாசிப்பார். விபூதியும் குங்குமமும் உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பப்படும். முகவரியை அரைகுறையாக எழுதியதால் உறைகள் திரும்பிவந்தபோது, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அப்படிவத்தை ஏற்கக்கூடாது என்று குழுவில் தீர்மானம் கொண்டுவந்தவன் நான். அத்தீர்மானத்தை நிறைவேற்றித் தந்தவன் யுகேந்திரன். தளத்தை அமைத்தவனும் அவனே. அப்போது அவன் மலாக்காவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணியாற்றினான், மலர்க்கொடியின் கணவன்.

தளத்தோடு அவன் வேறொன்றையும் இணைத்துத் தந்தான். டேக் மேனேஜர் என்று பெயர். தளத்தின் உள்ளே ஒரு சிறு நிரலை ஒரே ஒருமுறை பதித்துவிட்டால் போதும். அதன்பின் தளத்தைத் தொடாமலேயே, எங்கோ ஒரு திரையின்முன் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைக் கவனித்துச் சொல்லும் வேவுக் குறிகளை விருப்பம்போல் சேர்க்கலாம், நீக்கலாம்; ஒவ்வொரு மாற்றமும் எண்ணிட்ட ஒரு பதிப்பாக வெளியாகும். வேவுக் குறி என்பது இன்று நான் இட்ட பெயர். அன்று அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கூட்டத்தில் அவன் வண்ண வண்ணப் படங்களைக் காட்டி, சிங்கப்பூரிலிருந்து இத்தனை பேர், ஜொகூரிலிருந்து இத்தனை பேர், தீமிதிப் பக்கத்தை மூன்று நிமிடம் பார்த்தவர் இத்தனை பேர் என்று விளக்கினான். நாங்கள் அனைவரும் கைதட்டினோம். சால்வை போர்த்தியது தலைவர் புவனேஸ்வரன். நன்றியுரை நான்.

மறு ஆண்டு மலர்க்கொடி கையில் மாவுக்கட்டோடு கோயிலுக்கு வந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். இரண்டாம் முறை கன்னத்தில் வீக்கம். மூன்றாம் முறை அவள் வரவில்லை. மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள், நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றிருக்கிறாள் என்ற செய்திதான் வந்தது. நாங்கள் யுகேந்திரனைக் குழுவிலிருந்து நீக்கினோம். அலுவலகச் சாவியை என் கையால் வாங்கினேன். கடிதத்தாளில் இருந்த அவன் பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சிட்டோம். அவனும் தலைகுனிந்து கையெழுத்திட்டுப் போனான். சுங்கை ஊடாங்கில் ஏதோ ஒரு குத்தகை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

மலர்க்கொடி போன இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டாள்; பழைய கைப்பேசி எண்ணைத் துறந்தாள்; உறவினர் எவரோடும் பேசுவதில்லை. ஆனால், திலீபன் குறைமாதத்தில் பிறந்து நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது அவள் ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். அவனுக்கு ஏழு வயது நிறையும்வரை மாதந்தோறும் அவனுடைய நட்சத்திரத்தில் அம்மனுக்கு அர்ச்சனை செய்வதாக. ஊருக்குப் பொய்ப்பெயர் சொல்லலாம். அர்ச்சனையில் பொய்ப்பெயரும் பொய் நட்சத்திரமும் எப்படிச் சொல்வது? ஆகவே அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் உண்மையை எழுதினாள். என் தீர்மானத்தின்படி எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள்.

இவ்வாண்டுத் தீமிதிக்கு விளம்பரம் செய்ய ஷாந்தினி என்ற பெண்ணை அமர்த்தினோம். மலாக்கா நகரில் இத்தகைய வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்பவள், முப்பது வயதிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை கோயில் அலுவலகத்தில் தன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த டேக் மேனேஜருக்குள் நுழைய அனுமதி கேட்டாள். அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். உள்ளே பார்த்தவள், திரையை என் பக்கம் திருப்பினாள்.

“சார், இங்க ரெண்டு பேரு இருக்காங்க. ஒன்னு நம்ப ஆபீசு. இன்னொன்னு யாரு?”

யுகேந்திரனுடைய மின்னஞ்சல் முகவரி. பெயருக்கு எதிரே, எதையும் மாற்றும் முழு உரிமை அவனுக்கு இருப்பதாகக் குறித்திருந்தது. அவனை நீக்கி ஒன்றரை ஆண்டாகிறது, சாவியைக்கூட வாங்கிவிட்டோம் என்றேன்.

“இதுக்குச் சாவி வேறலா சார்,” என்றாள் ஷாந்தினி. “பதினாலாவது பதிப்ப எட்டு வாரத்துக்கு முன்னாலதான் போட்டிருக்காரு.”

அவள் அர்ச்சனைப் படிவத்தைத் திறந்து, ரங்கசாமி என்று ஒரு பெயரை இட்டு, வாய்க்கு வந்த முகவரி ஒன்றைத் தட்டி, பொத்தானை அழுத்திக் காட்டினாள். அந்த விவரம் இரண்டு வழிகளில் போவதைத் திரையில் பார்த்தேன். ஒன்று கோயிலின் மின்னஞ்சலுக்கு. மற்றொன்று, எங்களுக்குச் சொந்தமில்லாத ஓர் அட்டவணைக்கு. பெயர், நட்சத்திரம், ராசி, வீட்டெண், சாலை, அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண்; ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

எட்டு வாரம் என்றால் இரண்டு சுவாதிகள். வரும் வெள்ளிக்கிழமைச் சுவாதிக்கும் மலர்க்கொடி திங்கட்கிழமையே பதிந்துவிட்டாள். மூன்று.

நான் தலைவருக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். மலர்க்கொடியின் ஊரைச் சொல்லவில்லை. ஆபத்தை மட்டும் சொன்னேன். அவர் வருந்தினார், உண்மையாகவே வருந்தினார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தீமிதி முடியட்டும் சார். இப்பப் போயி கோயில் வெப்சைட்டுல ஓட்டைன்னு கெளம்பிச்சின்னா, சனங்க என்னா பேசுவாங்க? பத்து நாள்தானே.”

பத்து நாள்தானே. நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ அலட்சியங்களைக் கண்டவன் நான். இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டதில்லை. தொலைபேசியை வைத்த வேகத்தில், அந்தக் குறியையும் அவன் பெயரையும் இந்த நிமிடமே நீக்கு என்று ஷாந்தினியிடம் சொன்னேன்.

அவள் தயங்கினாள். புதுப் பதிப்பு வெளியானால் அவனுக்கு மின்னஞ்சல் போகும்படி நிச்சயம் அமைத்து வைத்திருப்பான், நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்பது அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிடும், முதலில் அந்த அக்காவுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பிறகு வெட்டலாம் என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. படிவத்தில் இருந்த எண்ணுக்கு இருமுறை அழைத்துப் பார்த்தோம், எவரும் எடுக்கவில்லை. அறியாத எண்களை மலர்க்கொடி எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய பிள்ளையின் பெயர் அவன் அட்டவணையில் இன்னும் ஒரு நிமிடம் ஒட்டிக்கொண்டிருப்பதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. நீக்கு என்று மறுபடியும் சொன்னேன். அவள் நீக்கினாள். பதினைந்தாவது பதிப்பு. மணி பதினொன்று இருபது.

கோலா சுங்கை பாருவுக்கு இரண்டு மகிழுந்துகளில் புறப்பட்டோம். திரும்புகையில் ஷாந்தினி மலாக்காவுக்கு நேராகப் போகவேண்டும் என்பதால் தன் வண்டியிலேயே என் பின்னால் வந்தாள். மஸ்ஜிட் தானாவில் சாலைப்பணி. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, சுங்கை ஊடாங்கிலிருந்து புறப்படும் ஒருவனுக்கு நம்மைவிட எவ்வளவு குறைந்த தூரம் என்று மனம் தானாகவே அளந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

படிவத்தில் இருந்த முகவரி வீடன்று, மளிகைக்கடை. அம்முகவரியை அவளுடைய வீடு என்றே நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். கடையை நடத்தும் செலஸ்டின் என்ற அம்மையார் ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மலர்க்கொடி என்று எவரையும் தெரியாது என்று சொல்லிவிட்டு, மீன்பிடிக்காரர் ஒருவருக்குச் சில்லறை கொடுப்பதில் முனைந்தார். நான் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். எந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன் என்பதைச் சொன்னேன். மாதந்தோறும் கோயில் உறைகளில் முகவரி எழுதுவது என் கையெழுத்துத்தான் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகே அவர் முகம் இளகியது.

“போன வாரமும் அதுக்கு முந்தின வாரமும் ஒரு ஆளு வந்தாரு சார். கோயில்லேருந்து பிரசாதம் கொண்டாந்திருக்கேன், அந்தப் பொண்ணு கையிலதான் குடுக்கணும்னாரு. எனக்கு என்னமோ சரியாப் படல. உறையெல்லாம் இங்கதான் வருது, யாரு எடுத்துட்டுப் போறாங்கன்னு தெர்லன்னு சொல்லிட்டேன். எதிர்த்தாப்ல காடிய நிறுத்தி உள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாரு.”

அவன் கடைவரை வந்திருக்கிறான். கடையோடு வழி அடைபட்டுவிட்டது. கடையிலிருந்து அவளிடம் போகும் வழியைச் செலஸ்டின் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் கோயிற் குழுவில் எவருக்கும் இல்லாத அறிவு அந்த அம்மையாருக்கு இருந்தது.

செலஸ்டின் அழைத்தும் மலர்க்கொடி எடுக்கவில்லை. கெரோப்போக் என்னும் மீன் அப்பளம் செய்யும் கொட்டகையில் வேலை செய்யும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவாள், ஐந்து மணிக்குக் கடைப்பக்கம் வருவாள், அதுவரை உட்காருங்கள் என்றார். ஷாந்தினியும் காத்திருப்பதே நல்லது என்றாள். நான் காத்திருக்கவில்லை. ஒரு பெண்ணின் உயிர் பற்றிய செய்தியை வைத்துக்கொண்டு ஐந்து மணிவரை தேநீர் குடித்துக்கொண்டிருக்க முடியாது என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். என் நரைக்கும் குரலுக்கும் பணிந்து அந்த அம்மையார் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு என் மகிழுந்தில் ஏறினார். பட்டப்பகலில், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போது, அவர் கடையை மூடுவது அந்தத் தெருவில் எவரும் கண்டிராத காட்சியாக இருந்திருக்கும்.

கொட்டகை கடலோரத்தில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. முற்றத்தில் மூங்கில் தட்டிகள்மேல் மீன் கெரோப்போக் வட்டவட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. முன்புறம் ஒரு வண்டி நிற்கத்தான் இடம்; ஷாந்தினி சுற்றிக்கொண்டு பின்புறச் சந்தில் போய் நிறுத்தினாள். கொட்டகைக்குள் நுழைந்தபோது மலர்க்கொடி தலைத்துணியோடு எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் முதலில் தோன்றியது மகிழ்ச்சி. அதை நான் பார்த்தேன் என்பதை எழுதாமல் விடக்கூடாது.

நான் சொன்னேன். படிவம், எட்டு வாரம், பிரசாதம் கொண்டுவந்த ஆள், இன்று காலை நீக்கியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கைகளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவள் இடைமறித்தாள்.

“நீங்க வர்றப்போ பின்னால யாரு வந்தா சார்?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடையை விட்டுக் கிளம்பியபோதும் பார்க்கவில்லை. பலகை இடுக்கு வழியாக அவளே பார்த்தாள். சாலைக்கு எதிர்ப்புறம், தென்னை நிழலில், வெள்ளி நிற மைவி மகிழுந்து ஒன்று இயந்திரம் ஓடியபடி நின்றது. உள்ளே இருந்தவன் இறங்கவில்லை. பாதுகாப்பு ஆணை சொல்லும் தூரத்தை அவன் அளந்து வைத்திருப்பான் போலும்.

காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

“அவன் ரோட்டுலதான் நிக்கிறான் சார். ரோட்டுல நின்னா யாரு என்னா பண்ணுவா? ராத்திரிக்குள்ள வீடு தெரிஞ்சிரும். நாளைக்குத் தம்பி திலீபன் பள்ளி தெரிஞ்சிரும்.” பிறகு ஷாந்தினியின் பக்கம் திரும்பி, “தங்கச்சி, உங்க காடி எங்க நிக்கிது?” என்றாள்.

எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பாலர் பள்ளியில் இருந்த திலீபனை வழியில் ஏற்றிக்கொள்வது, வீட்டுக்குப் போகாமல் நேராக மலாக்கா பேருந்து நிலையத்துக்குப் போவது. ஒன்றரை ஆண்டாகச் சேர்த்த பாத்திரம், துணி, பிள்ளையின் புத்தகம் அனைத்தும் அந்த வாடகை வீட்டில் கிடக்கட்டும் என்று முடிவாயிற்று. செலஸ்டின் தன் கைப்பையில் இருந்ததை எண்ணாமல் அவள் கையில் திணித்தார். எங்கே போகப் போகிறாய் என்று நான் கேட்டேன்.

“கேக்காதீங்க சார். உங்களுக்குத் தெரிய வேணாம்.”

கசப்பின்றித்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை அர்ச்சனையை மட்டும் நம் கோயிலில் நிறுத்திவிடுங்கள் என்றாள். நிறுத்துகிறேன் என்றேன். இன்னும் ஒரு வாக்கியம் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

மலர்க்கொடியும் ஷாந்தினியும் பின்வழியாகப் போனார்கள்; செலஸ்டின் கொட்டகைக்குள்ளேயே இருந்தார். நான் முன்புறம் வந்து என் மகிழுந்தில் உட்கார்ந்து, இயந்திரத்தை முடுக்கி, யாரோ வந்து ஏறுவதற்குக் காத்திருப்பவனைப்போல் இருந்தேன். வெள்ளி நிற வண்டியும் அசையவில்லை. முக்கால் மணி நேரம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் யுகேந்திரன் இறங்கிச் சாலையைக் கடந்து வந்து, என் பக்கத்துக் கண்ணாடியை விரல் நுனியால் தட்டினான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கழுத்தில் வேலையிடத்து அட்டை தொங்கியது.

“சௌக்கியமா சார்? அவங்க போயிட்டாங்க, இல்ல? பரவால்ல.”

பிள்ளையை நிம்மதியாக வாழவிடு என்றேன். கண்ணாடியைப் பாதிக்கு மேல் இறக்கவில்லை. அவனுக்கு நான் அஞ்சவில்லை என்று சொல்ல மாட்டேன்.

“நான் என்னா சார் செஞ்சேன்? ஒரு அடி கிட்ட வந்தேனா?” அவன் சிரித்தான். “வெள்ளிக்கெழம தம்பிக்குச் சுவாதி. அவ எங்க இருந்தாலும் அர்ச்சனைக்கு எழுதுவா. வேண்டுதல்லா, விட மாட்டா. நாடு முழுக்கப் பதினோரு கோயிலுக்கு நான் ஃப்ரீயா வெப்சைட் செஞ்சு குடுத்திருக்கேன் சார். எல்லாம் நல்லா ஓடுது.”

கைகூப்பி வணங்கிவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பினான்.

உடனே ஷாந்தினியை அழைத்தேன். தாயையும் மகனையும் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடமாகிறது. அக்கா சிம் அட்டையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார், புது எண்ணைத் தனக்கும் சொல்ல வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார் என்றாள். நான் சொல்லத் தவறிய வாக்கியம் அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எந்தக் கோயிலின் படிவத்திலும் எழுதாதே.

புதனும் வியாழனும் நான் தொலைபேசியை விட்டு எழவில்லை. ஷாந்தினி கோயில் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடியில் அவன் பெயர் பொறித்தவற்றைக் கண்டுபிடித்துத் தந்தாள், ஒன்பது கிடைத்தன. வெளியிலிருந்து அவற்றில் எதையும் தொட அவளால் இயலாது. அந்தந்தக் கோயிலார்தாம் செய்யவேண்டும். ஒரு கோயில் மட்டும் உடனே படிவத்தை மூடியது. ஒரு தலைவர், யுகேந்திரன் தங்கமான பையன், உங்கள் குழுச் சண்டையை எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்றார். இன்னொருவர் கூட்டம் கூட்டிப் பேசுகிறோம் என்றார். மூன்று இடங்களில் மணி அடித்து ஓய்ந்தது.

வியாழன் பிற்பகல் ஏழாவதாக அழைத்தது, வடக்கே பேராக்கில் ஒரு சிற்றூர்க் கோயில். எழுத்தராக இருந்த இருசம்மாள் என்ற பெண்மணி பொறுமையாகப் பேசினார். நாளைக்குச் சுவாதியில் எவரேனும் இணையம் வழியாகப் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டேன். பெயரும் நட்சத்திரமும் சந்நிதியில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பவைதானே, சொல்கிறேன் என்று தாளைப் புரட்டினார். நான்கு பேர் இருந்தார்கள். மூன்றாவது பெயர் திலீபன், துலாம் ராசி.

எப்போது பதிந்தது என்று கேட்டேன். காலை ஒன்பது மணிக்கு. அப்போது மணி மூன்று. அந்தத் தாயின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் நீங்களே இந்த நிமிடம் அவளை அழைத்து, இருக்கும் இடத்தை விட்டு வெளியேறச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். யுகேந்திரனைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் குரல் மாறியது. இதுவரை இருந்த கனிவு போய், கடமை வந்திருந்தது.

“மன்னிச்சிருங்க சார். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. பக்தருங்க விவரத்த வெளியாளுக்குக் குடுக்கவும் கூடாது, வெளியாளு சொல்றாருன்னு அவங்களக் கூப்பிட்டுப் பயமுறுத்தவும் கூடாது. தம்பி யுகேந்திரன் வெப்சைட்ட செஞ்சு குடுத்தப்பவே எங்ககிட்ட கண்டிப்பா சொல்லிட்டுப் போனாரு.”